லிடியா அம்மையாரின் புத்தகம்

அமெரிக்காவில் மெட்ஃபோர்டு என்று ஓர் ஊர். அங்கே 1802-ஆம் ஆண்டு லிடியா பிறந்தார். அப்பா ரொட்டி சுட்டு விற்பவர். லிடியாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அம்மா இறந்துவிட்டார். அண்ணன் கல்லூரிக்குப் போனார். லிடியா போகவில்லை. அந்தக் காலத்தில் அங்கேயும் பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு கிடையாது.

1826-இல் லிடியா குழந்தைகளுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். கதை, பாட்டு, விடுகதை எல்லாம் இருக்கும். பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பார்கள். பிறகு டேவிட் சைல்டு என்ற வழக்கறிஞரை மணந்தார். கணவருக்கு எப்போதும் கடன். லிடியா எழுதிச் சம்பாதித்தே குடும்பம் நடந்தது. சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது எப்படி என்றும் ஒரு புத்தகம் எழுதினார். அனுபவம் இருந்ததே!

அப்போது அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். மாடு விற்பதுபோல மனிதர்களைச் சந்தையில் விற்றார்கள். தாய் ஓர் இடம், பிள்ளை ஓர் இடம். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது பல மாநிலங்களில் குற்றம். ஏன் தெரியுமா? வெளியே போக அடிமைக்கு எசமானின் சீட்டு வேண்டும். எழுதத் தெரிந்தால் அந்தச் சீட்டைத் தானே எழுதிக்கொண்டு தப்பிவிடலாம் அல்லவா? எழுத்துக்கு அவ்வளவு பயந்தார்கள்.

1833-இல் லிடியா அடிமை முறையை எதிர்த்து ஒரு புத்தகம் வெளியிட்டார். உடனே பலருக்குக் கோபம் வந்தது. பெற்றோர்கள் குழந்தைப் பத்திரிகையின் சந்தாவை நிறுத்தினார்கள். பாஸ்டன் நகரத்தின் பெரிய நூலகம் அவருக்குக் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு அவர் பத்திரிகையை விட்டு விலக வேண்டியதாயிற்று. எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. இளைஞர், கிழவர், தாய்மார் எல்லோரும் எழுத்துக் கற்க வந்தார்கள். ஆனால் அவர்கள் படிக்கப் புத்தகம் வேண்டுமே? குழந்தைப் பாடம் பெரியவர்களுக்குச் சரிப்படுமா? லிடியா அவர்களுக்கென்றே ஒரு புத்தகம் தயாரித்தார். 'விடுதலை பெற்றோரின் புத்தகம்' என்பது அதன் பெயர்.

அதில் ராஜா ராணிக் கதை இல்லை. கறுப்பின மக்களின் வாழ்க்கைதான் இருந்தது. ஹெய்ட்டி நாட்டு அடிமைகளின் தலைவர் துசேன், அடிமையாய்ப் பிறந்து பெரிய பேச்சாளரான டக்ளஸ் போன்றவர்களைப் பற்றிப் படிக்கலாம். டக்ளஸ் சிறுவனாக இருந்தபோது தெருப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றவர். புத்தகத்தில் கறுப்பினத்தவரே எழுதியவையும் உண்டு. அவர்கள் பெயருக்கு நேராக நட்சத்திரக் குறி போட்டிருந்தார் லிடியா. நம்மவர் எழுதியது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சின்னக் குறிதான்.

சுத்தமாக இருங்கள், பிராணிகளை அடிக்காதீர்கள் என்று அறிவுரையும் உண்டு. அது கொஞ்சம் அதிகம்தான்.

படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். லாபம் எதுவும் எடுக்கவில்லை. விற்று வந்த பணத்தில் அடுத்த பிரதிகளை வாங்கி வேறு ஊர்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

லிடியா 1880-இல் வேலண்டு என்ற ஊரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.