தமிழ்ச் சிறுவன் விரலில் பறந்த ரஷிய வண்டு

அமெரிக்காவில் ஒரு டெலிவிஷன் போட்டி. "தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்" என்று பெயர். பல நாட்டுக் கலைஞர்கள் போட்டியிட்டார்கள். முதல் பரிசு 10 லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் நம் பணத்தில் ஏறத்தாழ 7 கோடி ரூபாய்!

பரிசைத் தட்டிக்கொண்டு வந்தவன் ஒரு சென்னைச் சிறுவன். பெயர் லிடியன் நாதஸ்வரம். அப்போது வயது 13. இது நடந்தது 2019-ம் ஆண்டில்.

லிடியன் பியானோ வாசித்தான். முதலில் நிமிடத்துக்கு 208 தாளத் தட்டு வேகம். பிறகு அதே பாட்டு 325 தட்டு வேகத்தில்! விரல்கள் ஓடியது கண்ணுக்கே தெரியவில்லை.

தமிழ்நாடே பெருமைப்பட்டது. சரி, அவன் வாசித்தது என்ன பாட்டு? அதைச் செய்தவர் யார்?

அது ரஷிய நாட்டுப் பாட்டு. "வண்டு பறக்கிறது" என்பது அதன் பொருள். பாட்டு என்று சொன்னாலும் அதில் சொற்கள் கிடையாது. வாத்தியம் மட்டுமே. செய்தவர் பெயர் ரிம்ஸ்கி-கோர்சகோவ்.

பீப்பாயில் மிதந்த ராணி

மேல்நாட்டு சங்கீதம் என்றதும், "அது நமக்குப் புரியாது" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தக் கதையைக் கேளுங்கள். புரிகிறதா, இல்லையா என்று பிறகு சொல்லுங்கள்.

ஒரு ராஜா. அவன் பெயர் சால்தான். மூன்று சகோதரிகளில் இளையவளை அவன் மணந்துகொண்டான். அக்காமார் இருவருக்கும் பொறாமை. ராஜா போருக்குப் போயிருந்த சமயம் ராணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. "பிறந்தது பிள்ளை அல்ல, ஏதோ விசித்திரப் பிராணி" என்று ராஜாவுக்குப் பொய்க் கடிதம் போயிற்று. தாயையும் பிள்ளையையும் ஒரு பீப்பாயில் அடைத்துக் கடலில் விட்டார்கள்.

கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாளே குந்தி, அந்த நினைவு வருகிறதல்லவா?

பீப்பாய் ஒரு தீவில் ஒதுங்கியது. பிள்ளை வளர்ந்து வாலிபன் ஆனான். ஒரு பருந்திடமிருந்து ஓர் அன்னத்தைக் காப்பாற்றினான். அது மாய அன்னம். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அவன் ஏங்கியபோது, அன்னம் அவனை வண்டாக மாற்றியது. வண்டு கடலைத் தாண்டிப் பறந்தது. அரண்மனைக்குள் புகுந்து, பொறாமைக்காரப் பெரியம்மாமாரைக் கொட்டியது!

முடிவில் ராஜாவும் ராணியும் ஒன்றுசேருகிறார்கள். அன்னம் இளவரசியாகி அந்தப் பிள்ளையை மணக்கிறாள்.

கதையைக் கவிதையாக எழுதியவர் ரஷியாவின் பெருங்கவிஞர் புஷ்கின். அதை இசை நாடகம் ஆக்கியவர் ரிம்ஸ்கி. 1900-ம் ஆண்டு மாஸ்கோவில் அரங்கேறியது.

நம் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய வள்ளி திருமண நாடகம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாட்டிலேயே தர்க்கம் செய்வார்கள் அல்லவா? ரஷியக்காரர்கள் நாடகத்தில் வசனத்தையும் எடுத்துவிட்டார்கள். எல்லாமே பாட்டு!

ஒரு கட்டை விடாமல்

வண்டு கிளம்பும் இடத்தில்தான் அந்த இசை வருகிறது. ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆர்மோனியப் பெட்டியில் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை ஒன்றுகூட விடாமல் வரிசையாக ஏறி இறங்கினால் எப்படி இருக்கும்? ஓர் இரைச்சல் வரும். அந்த இரைச்சலை வைத்தே வண்டைப் பறக்கவிட்டார் ரிம்ஸ்கி. சுருதி ஏறினால் வண்டு உயரே போகிறது. ஓசை அடங்கினால் தூரத்தில் மறைகிறது.

லிடியன் 325 தட்டில் வாசித்தது பெரிய சாதனை. சந்தேகம் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது அது அல்ல. பல வாத்தியங்கள் சேர்ந்து, நாடகத்தில் உள்ளபடி வாசிப்பதைக் கேளுங்கள். அதில் வண்டு தெரியும். மற்றதில் விரல்தான் தெரியும்!

கப்பலில் இருந்து வந்த வாத்தியார்

ரிம்ஸ்கி 1844-ல் பிறந்தவர். கடற்படை அதிகாரி. இளம் வயதில் ஏறத்தாழ 3 ஆண்டுகள் கப்பலிலேயே சுற்றினார். 1871-ல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. வயது 27.

வேடிக்கை என்னவென்றால், சொல்லிக்கொடுக்க வேண்டிய சங்கீத இலக்கணம் அவருக்கே சரியாகத் தெரியாது! அதற்காக அவர் ஓடிவிடவில்லை. பகலில் பாடம் நடத்திக்கொண்டே, தனியாக உட்கார்ந்து அரிச்சுவடியிலிருந்து படித்தார். பல வாத்தியங்களைச் சேர்த்து இசை அமைப்பது எப்படி என்று பிற்காலத்தில் அவர் எழுதிய புத்தகம், பல நாட்டு மாணவர்களுக்குப் பாடம் ஆயிற்று.

அவருடைய நண்பர்களும் அப்படித்தான். போரோதின் ரசாயனப் பேராசிரியர். முசோர்க்ஸ்கி சர்க்கார் குமாஸ்தா. அலுவல் போக மிஞ்சிய நேரத்தில்தான் இசை. போரோதின் ஓர் இசை நாடகத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்தும், முடிக்காமலே 1887-ல் இறந்துபோனார். நண்பர் விட்ட இடத்திலிருந்து ரிம்ஸ்கியும் கிளாசுனோவ் என்பவரும் முடித்துக் கொடுத்தார்கள்.

1905-ல் ரஷியாவில் கிளர்ச்சி. மாணவர்கள் பக்கம் நின்றதால் ரிம்ஸ்கிக்கு வேலை போயிற்று. வேறு சில ஆசிரியர்களும் அவருக்காக ராஜினாமா செய்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவரை நீக்கிய அந்தக் கல்லூரிக்கு இன்று அவர் பெயர்தான்!

வாத்தும் சீவாளியும்

செல்போன் இருந்தால் போதும். தொப்பம்பட்டியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே இதையெல்லாம் கேட்கலாம். அடுத்தபடி எதைக் கேட்பது?

சைகோவ்ஸ்கியின் "அன்னத் தடாகம்" இருக்கிறது. ஆனால் நீளம். பொறுமை வேண்டும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், புரோகோபீவ் செய்த "பீட்டரும் ஓநாயும்" கேளுங்கள். 1936-ல் குழந்தைகளுக்காகவே செய்தது. ஒருவர் கதை சொல்வார், வாத்தியங்கள் நடிக்கும். பறவைக்குப் புல்லாங்குழல். பூனைக்குக் கிளாரினெட். ஓநாய்க்கு மூன்று கொம்பு வாத்தியங்கள். வாத்துக்கு ஓபோ. கதை சொல்வது வேறு பாஷையில் இருந்தால் என்ன? பெரியவர்கள் முன்னதாகத் தமிழில் சொல்லிவிடலாம்.

ஓபோவை நம்மவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். நாதஸ்வரம் போலவே சீவாளி வைத்து ஊதும் வாத்தியம் அது. உருவம் சிறியது. ஓசையும் மெல்லியது.

கதையில் ஓநாய் வாத்தை முழுசாக விழுங்கிவிடுகிறது. பிறகு பீட்டர் ஓநாயைக் கயிறு போட்டுப் பிடிக்கிறான். ஊர்வலம் கிளம்புகிறது. எல்லா வாத்தியங்களும் முழங்குகின்றன. அது அடங்கும் சமயம், குழந்தைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். ஓநாயின் வயிற்றுக்குள் இருந்து, மெதுவாக, அந்த ஓபோ கேட்கும். வாத்து சாகவில்லை!