அல்சைமர் நோயுற்ற வாழ்க்கைத்துணையைப் பராமரித்தல்

மயிலாடுதுறை மாவட்டம் திருக்கடையூருக்கு 60, 80 வயது நிறைவுச் சடங்குகளுக்காகத் தம்பதியர் பலர் வருகின்றனர். அத்தகைய வயதில் ஒருவர் அல்சைமர் நோயுற்றால், அவரைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் அதே முதுமையிலுள்ள துணைவரையே சார்கிறது.

மூளை நரம்பணுக்கள் படிப்படியாகச் சிதைவதால் இந்நோய் முற்றுகிறது. அண்மை நிகழ்வுகள் முதலில் மறக்கும். பழைய நினைவுகள் நெடுநாள் நீடிக்கும். ஆகவே, திருமண நாளை விவரிப்பவரே காலையில் உண்டதை மறுக்கக்கூடும். இது பிடிவாதமன்று. வாதிடாமல், சுருக்கமாகவும் அமைதியாகவும் விடை கூறுங்கள்.

• உணவு, குளியல், உறக்கம் ஆகியவற்றின் நேரத்தை மாற்றாதீர்கள்.
• மாலையில் குழப்பம் மிகக்கூடும், இருட்டுமுன் விளக்கேற்றுங்கள்.
• வாய்க்கால், குளம் அருகிலிருப்பின் தனியே வெளியேறாதவாறு கவனியுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை ஆடையில் இணையுங்கள்.
• சடங்கு நடத்த விரும்பினால், நெரிசலற்ற நேரத்தில் சுருக்கமாக நடத்துங்கள். ஒருவர் எப்போதும் உடனிருக்கட்டும்.

மருந்துகள் நோயை முற்றிலும் நீக்கா; சிலருக்கு அறிகுறிகளைச் சிறிது காலம் கட்டுப்படுத்தும். குழப்பம் திடீரென மிகுந்தால் நோய்த்தொற்று காரணமாகலாம். உடனே மருத்துவரை அணுகுங்கள்.

ஒருநாள் அவர் உங்களையே "யார்?" என வினவக்கூடும். அது அன்பின் குறையன்று, நோயின் விளைவு. உங்கள் மருந்துகளையும் உறக்கத்தையும் தவறவிடாதீர்கள். வாரத்தில் சில மணி நேரமேனும் பொறுப்பை உறவினரிடம் ஒப்படையுங்கள். முதியோர் உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416.