இனிப்பு பிடித்தவர்களுக்கு மதியமும் இரவும் என்ன சாப்பாடு?

நம்ம இயற்கைச் சந்தைகளில் நாட்டுச் சர்க்கரை விற்கும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "இது வெள்ளைச் சர்க்கரை இல்லீங்க, நாட்டுச் சர்க்கரை. சுகர் இருக்கறவங்களும் தாராளமா சாப்பிடலாம்." வாங்குகிறவர்களும் நிம்மதியாக இரண்டு கிலோ வாங்கிப் போகிறார்கள். இந்தப் பேச்சை நாம் நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்தினால் மட்டும் போதாது. இனிப்பு பிடித்தவர்களுக்கு வேறு என்ன வழி என்றும் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டிலும் இரவுச் சாப்பாட்டிலும் அந்த ஆசையை எப்படித் தீர்த்துக்கொள்ளலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நானும் இனிப்புப் பிரியன்தான். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று, கோபி பக்கத்தில் இரண்டரை ஏக்கரில் விவசாயம் பார்க்கிறேன். ஓய்வு பெற்ற வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக வந்தது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை நோய் இருந்ததால் டாக்டர், "இனிப்பை விட்டுடுங்க" என்றார். அறுபது வருடம் பழகிய நாக்கு ஒரே நாளில் விடுமா? அதனால் வீட்டில் சமையலை மாற்றினோம். ஆறு வருடம் ஆகிறது, இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. சாப்பாடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மண்வெட்டி பிடிப்பதும், வரப்பில் நடப்பதும் சேர்ந்துதான்.

இது என் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் என்னைப் போல எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள். நம் கடைக்கு வருகிறவர்களில் இவர்கள் நிறையப் பேர்.

முதலில் கணக்கு

வெள்ளைச் சர்க்கரையில் 99 சதவீதத்துக்கு மேல் சர்க்கரைதான். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி ஆகியவற்றில் ஏறக்குறைய 80 முதல் 90 சதவீதம். தேனில் சுமார் 80 சதவீதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். வெல்லத்தில் இரும்புச்சத்தும் மற்ற தாதுக்களும் கொஞ்சம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் நாம் போடும் இரண்டு கரண்டியில் எவ்வளவு வந்துவிடும்? அதற்கு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை நல்ல வழி.

பிறகு எதற்கு இயற்கை வெல்லம் வாங்க வேண்டும்? நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் போடாமல், கரும்புக்கு ரசாயனம் தெளிக்காமல் காய்ச்சியது என்பதற்காக. மண்ணுக்கும் விவசாயிக்கும் நல்லது என்பதற்காக. சர்க்கரை நோயாளிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்பதற்காக அல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு இது: உணவில் நாமாகச் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு சர்க்கரை எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம், 5 சதவீதம் என்பது 25 கிராம். ஒரு தேக்கரண்டி சுமார் 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் காபிக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு மூன்று காபி என்றால் 30 கிராம் ஆயிற்று. சாப்பாட்டுத் தட்டு வருவதற்கு முன்பே 25 கிராமைத் தாண்டியாகிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் ஏன் இனிப்பு கேட்கிறது?

ஒரு காரணம் பழக்கம். இன்னொரு காரணம் தட்டில் இருக்கிறது. தட்டு நிறைய பாலீஷ் அரிசிச் சோறு, ஊற்றிக்கொள்ளக் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்பதுதான் பல வீடுகளில் மதியச் சாப்பாடு. நார்ச்சத்தும் பருப்பும் குறைவாக இருக்கும்போது சோறு சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரை வேகமாக ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. மூன்று மணிக்கெல்லாம் "ஏதாச்சும் இனிப்பா இருக்கா?" என்று கை டப்பாவைத் தேடும்.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு அல்லது பயறு, கால் பங்கு சோறு என்று மாற்றினால் இந்த ஏற்ற இறக்கம் குறையும். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போவது இன்னும் நல்லது. அந்தப் பாதித் தட்டுக் காய்கறியில் இனிப்பான காய் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இனிப்புப் பிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

வயலில் இருக்கும் இனிப்பு

எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்போம். தஞ்சைப் பக்கம் பரங்கிக்காய். மற்ற ஊர்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி. நன்றாக முற்றிப் பழுத்ததில் இனிப்பு தெரியும், ஆனால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் சர்க்கரைக் கணக்கு அதிகம் ஏறாது. அதன் மஞ்சள் நிறச் சத்து உடம்பில் சேர எண்ணெயோ தேங்காயோ வேண்டும். நம் பெண்கள் அதைத் தேங்காய் அரைத்துவிட்டுச் சமைப்பது சரியான முறைதான்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகும்போது அதில் உள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. அதனால்தான் பச்சையாகக் கடித்தால் இல்லாத இனிப்பு வெந்ததில் வருகிறது. சுட்ட கிழங்கு, வேகவைத்ததைவிட வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும். எனவே தோலோடு வேகவைப்பதே நல்லது. இது சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டியது, சோற்றோடு கூடுதலாக அல்ல.

பீட்ரூட், கேரட் இரண்டையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் இனிப்பும் சத்தும் தண்ணீரோடு போய்விடும். மூடி போட்டு, அதன் ஈரத்திலேயே வேக விடுங்கள்.

சின்ன வெங்காயம் அவசரமாக வதக்கினால் காரம்தான் தெரியும். சிறு தீயில் பத்து நிமிடம் பொன்னிறமாக வதக்கினால் அதே வெங்காயம் இனிக்கும்.

கைக்குத்தல் சிவப்பரிசி, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக்கவுனி போன்றவற்றை மென்று சாப்பிடும்போது வாயிலேயே இனிப்பு தெரியும். உமிழ்நீர் மாவுச்சத்தை உடைக்க ஆரம்பிப்பதுதான் காரணம். வழவழவென்று விழுங்கும் வெள்ளைச் சோற்றில் இதற்கு நேரமே இல்லை. சிறுதானியம் வாங்கினாலும் தவிடு போக வெள்ளையாகத் தீட்டாததாகப் பார்த்து வாங்குங்கள்.

மதியத்துக்கு

*அரசாணிக்காய்ப் பருப்புக் கூட்டு.* நான்கு பேருக்கு அரை கிலோ காய், 100 கிராம் பாசிப்பருப்பு. பருப்பை மஞ்சள் சேர்த்து முக்கால் பதம் வேகவைக்கவும். காயைப் பெரிய துண்டாகப் போட்டு, உப்பு சேர்த்து மூடி வைக்கவும். காயே தண்ணீர் விடும் என்பதால் கால் டம்ளர் தண்ணீருக்கு மேல் வேண்டாம். இரண்டு பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம், மூன்று கரண்டி தேங்காய்த் துருவல் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கித் தாளிக்கவும். சில வீடுகளில் இதில் வெல்லம் போடுவார்கள். நன்கு பழுத்த காயாக இருந்தால் அது தேவையே இல்லை. ஆளுக்கு இரண்டு கரண்டி அல்ல, ஒரு கிண்ணம் நிறையப் போட்டுக்கொள்ளுங்கள்.

*சின்ன வெங்காயப் புளிக்குழம்பு.* புளிப்பைச் சமன் செய்யக் கடைசியில் ஒரு துண்டு வெல்லம் போடுவது நம் வழக்கம். அதற்குப் பதிலாக இருபது, இருபத்தைந்து சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் நிதானமாக வதக்குங்கள். 150 கிராம் சர்க்கரைவள்ளியைத் துண்டு போட்டுச் சேருங்கள். புளி கொஞ்சம் குறைவாக. கிழங்கு இருப்பதால் அன்றைக்குச் சாமைச் சோறு அல்லது சிவப்பரிசிச் சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கூட ஒரு கீரை இருந்தால் போதும்.

*பீட்ரூட் தட்டைப்பயறுப் பொரியல்.* இரவே ஊறவைத்து வேகவைத்த தட்டைப்பயறு ஒரு பங்கு, துருவிய பீட்ரூட் இரண்டு பங்கு. மூடி போட்டு வதக்கித் தேங்காய் தூவி இறக்கவும். எங்கள் ஊர் அரிசியும் பருப்பும் சாதத்துக்கு இது நல்ல ஜோடி. சாதம் ஒரு பங்கு, பொரியல் இரண்டு பங்கு.

சாப்பாட்டின் முடிவில் புளிக்காத கெட்டித் தயிரில் கேரட் துருவலும் ஒரு கைப்பிடி மாதுளை முத்தும் கலந்து சாப்பிட்டுப் பாருங்கள். பாயசம் கேட்கிற நாக்குக்கு இது பதில் சொல்லும்.

இரவுக்கு

இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்குள் முடிவது நல்லது. சாப்பிட்டவுடன் படுக்காமல் கால் மணி நேரம் களத்தில் நடந்தால், ஏறும் சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்ளும்.

*கிழங்கும் சுண்டலும்.* ஆளுக்கு 150 கிராம் வேகவைத்த சர்க்கரைவள்ளி, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு டம்ளர் மோர். சோறும் வேண்டாம், இட்லியும் வேண்டாம். கிழங்கின் இனிப்பை வேகமாக ஏற விடாமல் கடலை பார்த்துக்கொள்ளும்.

*பச்சைப்பயறு கடைசல்.* வறுத்த பச்சைப்பயறைச் சின்ன வெங்காயம், சீரகம், பூண்டோடு வேகவைத்து மத்தால் கடைந்தது. குறைந்த அளவு வரகுச் சோற்றில் நிறையக் கடைசல் ஊற்றி, பக்கத்தில் கேரட் பொரியல் வைத்துக்கொள்ளுங்கள்.

*தினைத் தேங்காய்ப்பால் கஞ்சி.* "எனக்கு இன்னைக்கு இனிப்பாத்தான் வேணும்" என்று தோன்றும் இரவுக்கு எங்கள் வீட்டுக்காரம்மா கண்டுபிடித்தது. அரை டம்ளர் தினை, கால் டம்ளர் வறுத்த பாசிப்பருப்பு, நான்கு டம்ளர் தண்ணீர். குழைய வெந்ததும் ஒரு டம்ளர் தேங்காய்ப்பால், இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை எதுவும் இல்லை. தேங்காய்ப்பாலில் இயல்பாகவே ஒரு இனிப்பு உண்டு. சிறிது உப்பு அதைத் தூக்கிக் காட்டும். ஏலக்காய் வாசம் வந்தாலே இனிப்புச் சாப்பிடுவதாக நாக்கு நினைத்துக்கொள்ளும். போதவில்லை என்றால் ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழத்தை நறுக்கிப் போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அப்படியும் ஆசை தீரவில்லை என்றால்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் சாப்பிடாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். வெறும் வயிற்றில் சாப்பிடாமல், காயும் பருப்பும் சாப்பிட்ட பிறகு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சோற்றைக் குறையுங்கள். மற்ற நாட்களில் கொய்யா, பப்பாளி போன்ற பழங்களைக் கடித்துச் சாப்பிடுங்கள். சாறாகப் பிழிந்தால் நார் போய்ச் சர்க்கரைதான் மிஞ்சும்.

காபியில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்குக் கால் கரண்டி குறைத்தால் போதும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். முன்பு சப்பென்று இருந்த அரசாணிக்காய் இனிப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். எனக்கு இரண்டு மாதம் ஆனது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கிழங்கு, பயறு அளவைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஒரு சென்ட் போதும்

இந்தச் சமையலுக்கு வேண்டியதை வீட்டுப் பக்கத்திலேயே வளர்க்கலாம். எருக்குழி ஓரத்தில் இரண்டு குழி எடுத்து, குழிக்கு மூன்று நாட்டு அரசாணி விதை போடுங்கள். காம்பு காய்ந்த பிறகு, இரண்டு விரற்கடைக் காம்போடு அறுத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் சில மாதங்கள் கெடாது.

சர்க்கரைவள்ளிக்கு விதை வாங்க வேண்டாம், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாண் நீளக் கொடித் துண்டுகள் கேட்டு வாங்கிப் பாரில் நடுங்கள். ஆனி, ஆடியிலும், புரட்டாசி, ஐப்பசியிலும் நடலாம். மூன்றிலிருந்து நான்கு மாதத்தில் கிழங்கு வரும். வெடிப்பு வழியாகக் கூன்வண்டு இறங்காமல் இருக்க மண் அணைத்துக் கொடுப்பது முக்கியம். தோண்டிய கிழங்கைச் சில நாள் நிழலில் வைத்துச் சமைத்தால் இனிப்பு கூடும். வரப்போரம் இரண்டு பப்பாளி, ஒரு கொய்யா இருந்தால் பழத்துக்கும் கவலை இல்லை.

கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்க்கரை நோய் உள்ளவர் வந்து நாட்டுச் சர்க்கரை கேட்டால், "இதுவும் சர்க்கரைதானுங்க, அளவாப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு அரசாணிக்காயையும் பாசிப்பருப்பையும் கொடுத்து, சமைக்கும் முறையையும் சொல்லி அனுப்புங்கள். நாட்டுச் சர்க்கரையில் ஒரு கிலோ விற்பனை குறையலாம். ஆனால் நம் சொல்லை நம்பி அவர் திரும்ப வருவார்.

சர்க்கரையோ வெல்லமோ சேர்க்காமல் இனிப்பாகச் செய்யும் சமையல் உங்கள் பகுதியிலும் இருக்கும். அதை இதழுக்கு எழுதி அனுப்புங்கள், எல்லோரும் செய்து பார்ப்போம்.