விண்கல் வந்தால் முடிவெடுப்பது யார்?

புது தில்லி: 2004 டிசம்பர் 27. முந்தைய நாள் காலையில் சுனாமி வாரிச் சுருட்டிய உறவுகளைத் தேடி நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கன்னியாகுமரியிலும் மக்கள் அலைந்துகொண்டிருந்த நேரம். அன்று அமெரிக்காவிலும் இத்தாலியிலும் விண்வெளி ஆய்வாளர்கள் சிலர் வேறொரு கணக்கில் மூழ்கியிருந்தனர். அந்த ஆண்டு ஜூனில் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று, 2029 ஏப்ரல் 13-ஆம் தேதி பூமியின் மீது மோதுவதற்கு 2.7 சதவீத வாய்ப்பு இருப்பதாக அக்கணக்கு காட்டியது. அதாவது, 37-இல் ஒரு வாய்ப்பு. அதற்குமுன் இத்தனை பெரிய அபாயம் எந்தச் சிறுகோளுக்கும் கணிக்கப்பட்டதில்லை.

சுனாமி செய்தியில் உறைந்துபோயிருந்த உலகம் அதைக் கவனிக்கவில்லை. அதே நாளில், சில மாதங்களுக்கு முன்பு எடுக்கப்பட்ட பழைய தொலைநோக்கிப் படங்களில் அச்சிறுகோள் பதிவாகியிருந்தது தெரியவந்தது. அந்தப் படங்களைச் சேர்த்து மீண்டும் கணக்கிட்டபோது 2029 மோதல் அபாயம் நீங்கியது. பின்னாளில் அதற்கு அபோபிஸ் எனப் பெயரிடப்பட்டது.

சரியாக 20 ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 27-ஆம் தேதி, தென் அமெரிக்க நாடான சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி மற்றொரு சிறுகோளைக் கண்டறிந்தது. 2024 ஒய்.ஆர்.4 எனப் பெயரிடப்பட்ட அது, 2032 டிசம்பர் 22-ஆம் தேதி பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18-ஆம் தேதி 3.1 சதவீதமாக உயர்ந்தது. அபோபிஸின் பழைய கணக்கையும் இது விஞ்சியது. சில நாள்களிலேயே வாய்ப்பு சரிந்து, பிப்ரவரி 24-ஆம் தேதி ஏறத்தாழ 0.004 சதவீதமானது. 2032-இல் அதனால் பூமிக்கு ஆபத்தில்லை என நாசா அறிவித்தது.

இம்முறை இந்தியர்கள் கூர்ந்து கவனித்திருக்க வேண்டிய விவரம் ஒன்று இருந்தது. அச்சிறுகோள் மோதக்கூடும் எனக் கணிக்கப்பட்ட பாதை, கிழக்கு பசிபிக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியாவில் வந்து முடிந்தது. அப்பாதையில் இருந்த பெருநகரங்களாக மும்பையும் கொல்கத்தாவும் டாக்காவும் அந்நாள்களில் பேசப்பட்டன.

சிறுகோளின் குறுக்களவு ஏறத்தாழ 60 மீட்டர். உலகை அழிக்கும் அளவு அல்ல. ஒரு நகரை அழிக்கப் போதுமான அளவு. 1908 ஜூன் 30-ஆம் தேதி சைபீரியாவின் துங்குஸ்கா பகுதியில் ஏறத்தாழ இதே அளவிலான ஒன்று வானிலேயே வெடித்தபோது 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு சாய்ந்தது. அங்கே மனிதர்கள் அதிகம் இல்லை. கங்கைச் சமவெளியில் அப்படிப்பட்ட இடம் எது?

அவை கூடாத நாள்களில்...

அந்த நாள்களில் தில்லி என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத் தேதிவாரியாகப் பார்ப்பது பயனுள்ளது. மோதும் வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டியதால், ஐ.நா. ஆதரவில் செயல்படும் சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை அமைப்பு 2025 ஜனவரி 29-ஆம் தேதி முறைப்படி எச்சரிக்கை வெளியிட்டது. இரு நாள்கள் கழித்து பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்கியது. பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட், ரூ.12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்ற அறிவிப்பே நாடெங்கும் பேச்சாக இருந்தது. பிப்ரவரி 13-ஆம் தேதி முதல் கட்டம் முடிந்து உறுப்பினர்கள் ஊர் திரும்பினர். அபாயம் உச்சத்தைத் தொட்டது பிப்ரவரி 18. மார்ச் 10-ஆம் தேதி அவைகள் மீண்டும் கூடியபோது அபாயம் இல்லை. நாடாளுமன்றத்தின் கால அட்டவணையை அறிந்தே வந்து சென்றதுபோல இருந்தது அந்தச் சிறுகோளின் நடத்தை!

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. பேரிடர் மேலாண்மைத் திருத்த மசோதாவை மக்களவை 2024 டிசம்பர் 12-ஆம் தேதி நிறைவேற்றியது. மாநிலங்களவை அதற்கு ஒப்புதல் அளித்தது 2025 மார்ச் 25-ஆம் தேதி. இவ்விரு வாக்கெடுப்புகளுக்கும் நடுவில்தான் 2024 ஒய்.ஆர்.4 கண்டறியப்பட்டு, அச்சுறுத்தி, விலகிச் சென்றது.

மூலச் சட்டமான 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் சுனாமியின் விளைவாகப் பிறந்தது. இயற்கையாலோ மனிதராலோ நேர்ந்து, பாதிக்கப்பட்ட மக்களின் தாங்கும் சக்தியை மீறும் எந்தப் பெருங்கேட்டையும் பேரிடர் என்கிறது அச்சட்டம். விண்கல்லும் அந்த வரையறைக்குள் தாராளமாக அடங்கும். ஆனால், பணம் வரும் வழி வேறு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்காக 2021-26 காலத்துக்கு மத்திய அரசு அறிவிக்கை செய்த பட்டியலில் இருந்தவை புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனி மற்றும் குளிரலை ஆகிய 12 மட்டுமே. ஆண்டுதோறும் உயிர்களைப் பலிவாங்கும் வெப்ப அலையும் மின்னலுமே அதில் இடம்பெறவில்லை எனும்போது, விண்கல்லைப் பற்றிக் கேட்பாரில்லாததில் வியப்பில்லை.

இந்தியாவின் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தது 2005 டிசம்பர் 23-ஆம் தேதி. அதற்கு ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 30-ஆம் தேதி, அமெரிக்காவில் வேறொரு சட்டம் கையெழுத்தானது. பூமியை நெருங்கும் சிறுகோள்களில் 140 மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றில் 90 சதவீதத்தை 2020-க்குள் கண்டறிய வேண்டும் என நாசாவுக்கு அந்நாட்டு நாடாளுமன்றம் இட்ட கட்டளை அது. இலக்கு எட்டப்படவில்லை என்பது உண்மை. அத்தகையவை ஏறத்தாழ 25 ஆயிரம் இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவற்றில் பாதிகூட இன்னும் கண்டறியப்படவில்லை. எனினும், சட்டத்தில் எழுதப்பட்ட இலக்கு என்பதால் ஒவ்வோர் ஆண்டும் நிதி ஒதுக்கீட்டின்போது கேள்வி எழுகிறது; பதில் சொல்ல அதிகாரிகள் வர வேண்டியிருக்கிறது.

தள்ளிவிட முடியுமா?

முடியும் என்பது 2022-இல் நிரூபிக்கப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, இந்திய நேரப்படி அதிகாலை 4.44 மணிக்கு, நாசாவின் டார்ட் விண்கலம் பூமியிலிருந்து ஏறத்தாழ 1.1 கோடி கிலோமீட்டர் தொலைவில் டைமார்போஸ் என்ற சிறுகோளின் மீது வேண்டுமென்றே மோதியது. விண்கலத்தின் எடை ஏறத்தாழ 580 கிலோ. வேகம் நொடிக்கு 6 கிலோமீட்டருக்கும் மேல். டைமார்போஸோ 150 மீட்டருக்கு மேல் குறுக்களவு கொண்டது. அது டிடிமோஸ் என்ற பெரிய சிறுகோளை ஒருமுறை சுற்றிவர 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. மோதலுக்குப் பின் அந்த நேரம் ஏறத்தாழ 33 நிமிடம் குறைந்தது. 73 நொடி குறைந்தாலே வெற்றி என்றுதான் நாசா முன்னதாக வரையறுத்திருந்தது.

மோதிய வேகத்தில் பெயர்ந்து தெறித்த பாறைத் துகள்கள் எதிர்த்திசையில் பாய்ந்ததே இந்தக் கூடுதல் விளைவுக்குக் காரணம். துப்பாக்கி சுடும்போது தோளை உதைப்பதுபோல, தெறித்த துகள்கள் சிறுகோளைப் பின்னுக்குத் தள்ளின. அந்த மோதலின் தடயங்களை அருகிலிருந்து அளக்க ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 அக்டோபரில் ஹெரா விண்கலத்தை அனுப்பியது.

சிறுகோளைத் தூள்தூளாக்க வேண்டியதில்லை. அதன் வேகத்தை நொடிக்கு 1 சென்டிமீட்டர் மாற்றினாலே 10 ஆண்டுகளில் அது 3,000 கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். 10 நாள்கள்தான் இருக்கிறது என்றால், அதே உந்துதலால் விலகுவது 9 கிலோமீட்டர்கூட இல்லை. எனவே, இது வலிமையைவிட அவகாசத்தைப் பற்றிய விஷயம். கனத்த விண்கலம் ஒன்றை அருகிலேயே நீண்ட காலம் நிறுத்தி, அதன் ஈர்ப்பு விசையால் மெல்ல இழுப்பது மற்றொரு வழி. இதற்கு இன்னும் கூடுதல் அவகாசம் தேவை. காலம் குறைவாகவும் பாறை பெரிதாகவும் இருந்தால் மிஞ்சுவது அணுகுண்டு. அதை அருகில் வெடிக்கச் செய்து, வெப்பத்தில் ஆவியாகும் மேற்பரப்பின் உந்துதலால் திசைதிருப்பலாம் என்பது கணக்கு.

அரசியல் தொடங்குவது இங்கேதான். விண்வெளியில் அணுகுண்டு வெடிப்பதை 1963-ஆம் ஆண்டின் பகுதி சோதனைத் தடை ஒப்பந்தம் தடுக்கிறது. அணு ஆயுதத்தைச் சுற்றுப்பாதையில் நிறுத்துவதை 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் தடுக்கிறது. இரண்டிலும் இந்தியா உறுப்பு நாடு. விண்கல்லைத் தடுப்பதற்கு விலக்கு எதுவும் இவற்றில் இல்லை.

அணுகுண்டே வேண்டாம், டார்ட் போன்ற மோதல் போதும் என்றாலும் சிக்கல் தீர்வதில்லை. ஒரு சிறுகோள் குறித்த நேரத்துக்குச் சற்று முன்னரோ பின்னரோ வந்தால், அது விழும் இடம் அந்தப் பாதையிலேயே நகரும். போதுமான அளவு தள்ளினால் பூமியையே தவறவிடும். தள்ளுவது பாதியில் நின்றால்? அரபிக்கடலில் விழவேண்டியது ஒருபுறம் ஆப்பிரிக்கக் கரையை நோக்கி நகரலாம். மறுபுறம் மேற்கு இந்தியாவை நோக்கி நகரலாம். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொல்லலாம். முடிவெடுக்கப்போவது யார்?

ஐ.நா. ஆதரவில் விண்வெளி நிறுவனங்களின் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. பெயருக்கேற்ப அது ஆலோசனை மட்டுமே கூறும். இறுதி முடிவு ராக்கெட்டை வைத்திருக்கும் நாட்டுடையதாகவோ, ஐந்து நாடுகள் மறுப்பு அதிகாரம் வைத்திருக்கும் பாதுகாப்புச் சபையுடையதாகவோதான் இருக்கும். முயற்சி தவறி வேறொரு நாட்டின் மீது விழுந்தால் இழப்பீடு தருவது யார் என்பதற்கும் விடையில்லை. விண்வெளிப் பொருள்களால் ஏற்படும் சேதத்துக்கான 1972-ஆம் ஆண்டு ஒப்பந்தம், மனிதர்கள் ஏவிய பொருள்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. திசைதிருப்பப்பட்ட பாறை அதில் அடங்குமா என்பது சட்ட வல்லுநர்களுக்கே வழக்குப் பொருள்.

இந்தியாவின் கண்கள்

அந்த மேஜையில் இடம் கேட்க வேண்டுமானால், சொந்தமாகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் அது இருந்தது. 1861-இல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் சென்னை வானாய்வகத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டறிந்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். 1885 வரை அங்கிருந்து மேலும் நான்கைக் கண்டறிந்தார். அதன்பின் நூறாண்டு இடைவெளி. 1988-இல்தான் காவலூரில் ஆர். ராஜமோகன், 45 சென்டிமீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு அடுத்த சிறுகோளைக் கண்டறிந்தார். கணிதமேதை ராமானுஜனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

இன்று லடாக்கின் ஹான்லேயில் நல்ல தொலைநோக்கிகள் உள்ளன. 2019-இல் இஸ்ரோ நேத்ரா திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அதன் முதன்மைப் பணி, இந்தியச் செயற்கைக்கோள்களை விண்வெளிக் குப்பைகளிலிருந்து காப்பது. வானத்தை இரவுதோறும் துழாவிப் புதிய சிறுகோள்களைக் கண்டுபிடிக்கும் பெரும்பணி அமெரிக்க நிதியில் இயங்கும் ஆய்வகங்களையே சார்ந்திருக்கிறது. 2025-இல் தெற்காசியாவை நோக்கிக் கோடு வரைந்ததும், பிறகு அதை அழித்ததும் பெரும்பாலும் பிறர் கண்கள்தான்.

கடைசிக் கட்டப் பணியில் இந்தியா சளைத்ததல்ல. 2019-இல் ஃபானி புயலின்போது ஒடிசாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். சிறிய விண்கல்லுக்கு இதுவே சிறந்த தற்காப்பு. எங்கு விழும் என்று சில நாள்களுக்கு முன் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை ரஷியாவின் செல்யாபின்ஸ்க் நகரம் 2013 பிப்ரவரி 15-ஆம் தேதி கண்டது. சூரியன் இருந்த திசையிலிருந்து யாரும் அறியாமல் வந்த, 20 மீட்டர் அளவேயான விண்கல் வானில் வெடித்தது. ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தனர். பலரைக் காயப்படுத்தியது கல் அல்ல. வெளிச்சத்தைக் கண்டு ஜன்னலருகே வந்து நின்றபோது, பின்னால் வந்த அதிர்வலையில் நொறுங்கிய கண்ணாடி. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கப் பெரிய செலவு ஆகாது.

தமிழகக் கடற்கரைக்கு இந்தக் கணக்கு புரியாததல்ல. 2004-இல் சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்ததற்கும் நாகையில் அலை ஏறியதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8 ஆயிரம் பேர் மாண்டனர். ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது 2007-இல்.

மீண்டும் வரும் அபோபிஸ்

ஏறத்தாழ 340 மீட்டர் அளவுள்ள அபோபிஸ், 2029-இல் சொன்னபடி வரப்போகிறது. அடுத்த 100 ஆண்டுகளுக்கு அதனால் ஆபத்தில்லை என்பதை 2021-இல் ரேடார் ஆய்வுகள் உறுதிசெய்துவிட்டன. ஆனால், பூமியின் மேற்பரப்பிலிருந்து 32 ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் அது கடந்து செல்லும். நம் தொலைக்காட்சி, வானிலைச் செயற்கைக்கோள்கள் நிலைகொண்டிருப்பது 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில். அமெரிக்கா தன் பழைய விண்கலம் ஒன்றை அதை நோக்கித் திருப்பியுள்ளது. ஐரோப்பாவும் ஜப்பானும் இணைந்து ராம்செஸ் என்ற விண்கலத்தை 2028-இல் ஏவத் திட்டமிட்டுள்ளன. இந்த ஆய்வில் இந்தியாவும் பங்கேற்க வேண்டும் என்று 2024-இல் அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் வலியுறுத்தினார். நிலவிலும் செவ்வாய்ப் பாதையிலும் கலம் நிறுத்திய நிறுவனத்துக்கு அது எட்டாத தொலைவு அல்ல. எட்ட வேண்டியது காலக்கெடு. சிறுகோள் எந்தக் கூட்டத்தொடருக்காகவும் காத்திருக்காது.

18-ஆவது மக்களவையின் பதவிக்காலம் 2029 ஜூனில் முடிகிறது. எனவே, வழக்கப்படி தேர்தல் நடந்தால், அந்த ஏப்ரலில் உறுப்பினர்கள் தொகுதிகளில் வாக்கு கேட்டுக்கொண்டிருப்பார்கள். அபோபிஸ் பூமியை மிக நெருங்கும் நேரம், இந்தியக் கணக்கில் ஏப்ரல் 14 அதிகாலை 3.15 மணியை ஒட்டி. தமிழகத்தில் சித்திரை முதல் நாள் விடிவதற்குச் சற்று முன்பு.