காட்டு வேலை குறைந்தது... தட்டுச் சோறு குறைந்ததா?

‘வயல் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு?’ கிராமத்தில் நடைப்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வருவது இந்தக் கேள்விதான். இரண்டு தலைமுறைக்கு முன்பு இதில் முழு நியாயம் இருந்தது. கமலை இறைத்து, ஏர் பிடித்து, நாற்று முடி சுமந்து, அரிவாளால் அறுத்து, களத்தில் கட்டடித்த உடம்பு அது. சந்தைக்கும் நடை, உறவுக்காரர் வீட்டுக்கும் நடை. அந்த உடம்புக்கு மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. தின்றதெல்லாம் உழைப்பிலேயே கரைந்தது.

இன்று உழவுக்கு ரோட்டவேட்டர், நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம். மோட்டாரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே செல்போனில் போட்டுவிடலாம். பால் சொசைட்டிக்கு பைக், உரக்கடைக்கு பைக், அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டீக்கடைக்கும் பைக். உடல் வருத்தம் குறைந்தது நல்லதுதான். பழைய பாட்டுக்குத் திரும்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால், வேலையின் அளவு மாறிய பிறகும் சோற்றின் அளவு தாத்தா காலத்திலேயே நிற்கிறது. கிராமத்துக்குள் சர்க்கரை நோய் நுழைந்த வழிகளில் இது முக்கியமானது.

நகரத்து நோய் அல்ல

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று நாடு முழுக்க 1 லட்சத்து 13 ஆயிரம் பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். நகரத்தில் 100-க்கு 16 பேருக்கும், கிராமத்தில் 100-க்கு 9 பேருக்கும் நோய் இருக்கிறது. ‘பரவாயில்லை, நம் பக்கம் குறைவுதான்’ என்று இதை வைத்து ஆறுதல் அடைய முடியாது. நோய்க்கு முந்தைய கட்டத்தில், அதாவது சர்க்கரை ஏறத் தொடங்கியும் இன்னும் நோயாக முற்றாத நிலையில், 13.6 கோடிப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு இடத்திலும் 100-க்கு 15 பேர்.

விவசாயிக்கு இந்த நோயால் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. வருடக்கணக்கில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போகும். முள் குத்தியதோ, மண்வெட்டி பட்டதோ தெரியாது. சேற்றிலும் சாணத்திலும் புழங்கும் காலில் அந்தப் புண் ஆறாமல் புரையோடி, விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். மருத்துவச் செலவு ஒரு பக்கம், வயலில் இறங்க முடியாத நிலை இன்னொரு பக்கம். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் இரண்டையும் சேர்த்துத் தாங்குவது கடினம்.

தடுக்க முடியுமா?

முடியும். அதற்கான ஆதாரம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரைத் தேர்ந்தெடுத்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். அதன் முடிவு 2006-ல் வெளியானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்ட பிரிவில் இது 39 ஆகக் குறைந்தது. மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்ட பிரிவிலும் கிட்டத்தட்ட அதே பலன்தான்.

அவர்களுக்குச் சொல்லப்பட்டவை கடினமான விஷயங்கள் அல்ல. தினமும் அரை மணி நேர நடை, சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைப்பது, நார்ச்சத்துள்ள உணவைக் கூட்டுவது. ஏற்கெனவே தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிள் மிதிப்பவர்கள், உடலுழைப்பு உள்ளவர்கள் அதையே தொடரலாம் என்றுதான் சொன்னார்கள். ஆக, ‘வயல் வேலை இருந்தால் போதாதா?’ என்ற கேள்விக்கு, ‘வருடம் முழுக்க, தினமும் இருந்தால் போதும்’ என்பதே விடை.

சிக்கல் அந்தத் ‘தினமும்’ என்பதில்தான். டெல்டா பகுதியில் தை மாதம் சம்பா அறுவடை முடிந்தால், மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதம் வரை பல குடும்பங்களுக்கு வேலை குறைவு. மானாவாரிப் பகுதியில் கோடை முழுவதும் இதே கதை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாம் வருவதும் இந்த மாதங்களில்தான். உடம்பு சும்மா இருக்கும். வாய் சும்மா இருக்காது. எனவே, உடற்பயிற்சி அதிகம் தேவைப்படுவது வேலையில்லாத மாதங்களில்தான்.

தட்டுக்கு ஒரு கணக்கு

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நடுத்தர அளவு சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், காய்கறி மற்றும் கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி என்று சொல்கிறது. சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி அத்தனையும் அந்தக் கால் கிலோவுக்குள் அடக்கம். நடவு, களையெடுப்பு, அறுவடை என்று கடும் வேலை நடக்கும் நாட்களில் தானியத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் பழைய அளவுக்கு வந்துவிட வேண்டும்.

நம் வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. பட்டினியைப் போக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால், அதே கடையில் கிடைக்கும் துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டில் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வருகிறது. தேவையோ 85 கிராம். மீதியை விளைவிக்க வேண்டும் அல்லது வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் விவசாயிக்கு வசதி அதிகம். சம்பா அறுப்புக்குப் பிறகு நெல் தரிசில் விதைக்கும் உளுந்து, பச்சைப்பயறு மொத்தத்தையும் வியாபாரிக்குப் போட்டுவிடாமல் 50 கிலோ மூட்டை ஒன்றை வீட்டுக்கு ஒதுக்கினால், நான்கு பேருக்கு வருடம் முழுக்கத் தலைக்குத் தினம் 34 கிராம் கிடைக்கும். வரப்பில் துவரை, வேலியில் அவரை, கொல்லையில் முருங்கை, அகத்தி, பப்பாளி, குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் கீரைப்பாத்தி என்று வைத்தால் காய்கறிச் செலவும் குறையும். பால் முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, டீக்கும் பிஸ்கட்டுக்கும் காசு கொடுக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன. காலைக் கறவையில் ஒரு லிட்டரை வீட்டுக்கு எடுத்துவைத்து, இரவு உறை ஊற்றினால் மறுநாள் எல்லோருக்கும் மோர் கிடைக்கும்.

தட்டில் போடும் வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். முதலில் காய், கீரை, சுண்டல் அல்லது முட்டை. பிறகு சோறு. இரண்டாவது முறை சோறு வாங்குவதற்குப் பதில் பொரியலை வாங்குவது.

உப்பையும் எண்ணெயையும் வாங்கும்போதே அளந்துவிடலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் இதில் சேர்த்தி. ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் தீர்ந்தால், வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. நல்ல உணவு என்றால் எல்லோருக்கும் சோற்றைக் குறைப்பது என்று பொருள் அல்ல. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்சமிருக்கும் குழம்பையும் சோற்றையும் மட்டும் சாப்பிடும் வழக்கம் இதற்கு ஒரு காரணம். பருப்பு, கீரை, முட்டை, மீன் எதுவானாலும் வீட்டுப் பெண்களின் பங்கை முதலிலேயே எடுத்து மூடிவைப்பது நல்லது. முடிந்தால் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

பழக்கம் எப்படி ஒட்டும்?

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடம்பு அசைய வேண்டும். தினம் அரை மணி நேரம் என்று ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போதும். 60 வயதைத் தாண்டியவர்கள் சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று பழகினால், வரப்பில் தடுமாறி விழுவது குறையும்.

பலரும் இதை ஆரம்பித்துவிட்டு இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்ததில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 250 நாளுக்கும் மேல். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. அதனால், ஒரு நாள் தவறியதற்காக முழுவதையும் கைவிட வேண்டாம். மறுநாள் தொடர்ந்தால் போதும்.

பழக்கத்தை ஒட்டவைக்க எளிய வழி, தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு அதை முடிச்சுப் போடுவது. மாட்டுக்குத் தீவனம் வைக்க யாரும் மறப்பதில்லை. பால் கறந்ததும் சொசைட்டிக்கு நடந்துபோவது, மோட்டாரை செல்போனில் போட்டாலும் மடை பார்க்க நடந்தே போவது, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தெருக்கோடி வரை பத்து நிமிடம் போய்வருவது என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து போனால் ஒருவர் சோம்பினாலும் இன்னொருவர் கிளப்பிவிடுவார். கோடையில் வெயில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும்.

ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு

மாத்திரையோ, இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் வயலுக்குப் போகக் கூடாது. கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். மடியில் வைத்திருக்கும் சர்க்கரையையோ, வெல்லத்தையோ உடனே வாயில் போட வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தினமும் மாலையில் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, மூச்சு முட்டினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நடை தொடங்கியது என்பதற்காக மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

30 வயதைக் கடந்த எல்லோரும் வருடம் ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் 126-க்கு மேல் என்றால் சர்க்கரை நோயாக இருக்கலாம். மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கைக் கட்டம். நோய் உறுதியானவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மருந்து வீட்டுக்கே வருகிறது.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

சிறுதானியத்துக்கு மாறினால் சர்க்கரை நோய் வராதா?
கேழ்வரகு, கம்பு, சாமை, தினையில் தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து அதிகம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லி கிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஆனால், அவையும் மாவுச்சத்துதான். நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். சோறாக வடித்தோ, களியாகக் கிண்டியோ, பருப்பும் கீரையும் சேர்த்து அளவாகச் சாப்பிடுவது நல்லது.

பழைய சோறு சாப்பிடலாமா?
தாராளமாகச் சாப்பிடலாம். அதுவும் சோறுதான் என்பதால் அளவு முக்கியம். ஊறுகாய்க்கும் மோர் மிளகாய்க்கும் பதிலாகச் சின்ன வெங்காயம், துவையல், பயறு, முட்டை என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி இருக்கிறது. நடக்கலாமா?
தேய்மானத்தால் வரும் வலிக்கு அளவான நடை நல்லதுதான். மேடு பள்ளமில்லாத பாதையில் செருப்புப் போட்டு, பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். இப்படி ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை செய்தால் தொடைத் தசை வலுவாகி, மூட்டுக்குச் சுமை குறையும். வீக்கம், சூடு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.