நாற்பதுக்கு மேல் ஓர் அரிச்சுவடி

‘முகம்மது’ என்னும் பெயரில் எத்தனை எழுத்துகள்? உங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள். மு, க, ம், ம, து என்று விரல்விட்டு எண்ணி ஐந்து என்று சொல்லிவிடும். நான் இதே கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்டேன். எட்டு என்று விடை வந்தது.

மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன் நான். கல்லூரியில் படித்தது வரலாறு. கணக்கும் விஞ்ஞானமும் எனக்குத் தூரத்து உறவு. நாற்பது வயதைக் கடந்த பிறகு கணிப்பொறிக்குக் கட்டளை எழுதக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் உதவி பெறும் குடும்பங்களின் பட்டியல் ஒன்று உண்டு. முதலில் நீண்ட கணக்கு நோட்டில் கையால் எழுதப்பட்டது. பிறகு ஆண்டுதோறும் டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்யப்பட்டது. ஒரே பெயர் ஓராண்டு முகம்மது, மறு ஆண்டு முஹம்மது, அதற்கடுத்த ஆண்டு முகமது. மைதீன், மொய்தீன், முகைதீன் கதையும் அதுவே. ரமளான் நெருங்கும்போது இப்பட்டியலைச் சரிபார்க்க நாலைந்து பேர் பல இரவுகள் கண்விழிக்க வேண்டியிருந்தது. “இதற்கு நிரல் எழுதினால் சில நிமிட வேலைதான் ஹஜ்ரத்” என்றார், சிவகாசியில் நாட்காட்டி அச்சகமொன்றில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர். அவரே எனக்கு உஸ்தாதானார்.

சிவகாசியின் எழுத்து வேலை

சிவகாசி என்றதும் உங்களுக்குப் பட்டாசு நினைவுக்கு வரும். ஆனால் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டு வேண்டுமென்று தொடங்கிய அச்சுத் தொழில், நாட்காட்டி, டைரி, நோட்டுப் புத்தகம் என வளர்ந்து தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துவிட்டது. ஒரு தினசரி நாட்காட்டியில் 365 தாள்கள். ஒவ்வொன்றிலும் தேதி, கிழமை, தமிழ் மாதம், ஹிஜ்ரி மாதம், விசேஷ நாள். ஒன்று பிசகினால் அடுத்தடுத்த தாள்களும் பிசகும். இவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துத் திருத்துவது எத்தனை கடினம்! கோப்பை வரி வரியாகப் படித்து, வேண்டிய சொல்லைத் தேடி, மாற்றி, எண்ணி, அடுக்கித் தருகிற சிறு நிரல் அங்கேதான் கைகொடுக்கிறது.

இவ்வேலைக்கு உதவும் எளிய நிரல்மொழிகள் பிறந்தன. 1987இல் அமெரிக்கர் லாரி வால் ‘பெர்ல்’ மொழியை வெளியிட்டார். 1991இல் நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் ‘பைத்தான்’ மொழியை வெளியிட்டார். மலைப்பாம்பைப் பார்த்து வைத்த பெயரன்று அது. பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது. பணம் கொடுக்காமலே கிடைக்கும் மொழி இது. நான் பயின்றதும் இதைத்தான்.

எழுத்தை எண்ணுவது நம் முன்னோருக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் இராக்கில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, மறைமொழியில் எழுதிய கடிதத்தை வாசிக்க வழி சொன்னார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார், மறைபொருள் தானே வெளிப்படும் என்பது அவர் முறை. அதே நூற்றாண்டின் அல்குவாரிஸ்மியின் பெயரே ‘அல்காரிதம்’ ஆயிற்று. இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றுவிட்டால் போதுமா? அவர்கள் எண்ணினார்கள். நாமும் எண்ணக் கற்க வேண்டாமா?

எட்டு வந்த வழி

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒரே பொது எண்முறை வேண்டும் என்று 1991இல் வெளியானது யூனிகோடு. அதில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 128. நம் எழுத்துகளோ 247. ஆகவே உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கிடையாது. ‘மு’ என்பது மகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு எண்கள். ‘ம்’ என்பது மகரமும் புள்ளியும். இப்படி எண்ணினால் ஐந்து எழுத்து எட்டாகிறது. கணிப்பொறி பொய் சொல்லவில்லை. நாம் எழுத்து என்று எதைச் சொல்கிறோமென அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதற்குத் தெரியும்படி செய்தவர்களும் தமிழர்களே. தமிழ்ச் சொற்களால் எழுதும் ‘எழில்’ என்ற நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் பைத்தான் தொகுப்பை ஆக்கி இலவசமாக வழங்கியுள்ளார்கள். அதைக் கொண்டு எண்ணினால் முகம்மது ஐந்தெழுத்தே. தமிழிலேயே கணிப்பொறிப் பாடங்களை வெளியிடும் ‘கணியம்’ 2012 முதல் வருகிறது. ஆங்கிலம் தெரியாதே என்று தயங்குகிறவர்கள் அங்கே தொடங்கலாம்.

அகர வரிசையிலும் இதே சிக்கல்தான். யூனிகோடு பட்டியலில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. வகரம் ழகரத்துக்குப் பின்னால் போய்விட்டது. ஜகரம் சகரத்தை அடுத்து வருகிறது. ஷ, ஸ, ஹ மூன்றும் கடைசியில். எனவே, ‘அடுக்கு’ என்று கட்டளையிட்டால் ஜமாலும் ஜைனபும் நடுவில், ஸலீமும் ஹலீமாவும் இறுதியில். பிழையென்று பதற வேண்டாம். நம் வரிசை எது என்று சொல்லிக்கொடுத்தால் அதன்படி அடுக்கும்.

பீர் பட்ட பாடு

எங்கள் பழைய பட்டியல் யூனிகோடில் இல்லை. அக்கால எழுத்துருவில் திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழ் எழுத்தைக் காட்டி மாற்றச் சொல்ல வேண்டும். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே தட்டப்பட்டிருக்கும். யூனிகோடிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னும் வர வேண்டும். இடம் மாற்றாவிட்டால் கொம்பு வேறு எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

மாற்றி முடித்ததும் இன்னொரு வியப்பு. ‘மொய்தீன்’ என்று தேடினால் பாதிப் பேர்தான் வந்தார்கள். காரணம், ‘மொ’ என்பதை மகரத்தோடு ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; இயந்திரத்துக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் கட்டளை பைத்தானுடனேயே வருகிறது.

அடுத்ததாக, சில பெயர்கள் ‘பீ’ என்றும் சில ‘பீவி’ என்றும் முடிந்தன. ‘பீ’ வருமிடமெல்லாம் ‘பீவி’ என்று மாற்று என்றேன். பீவிகள் எல்லாம் ‘பீவிவி’ ஆனார்கள். பீர் முகம்மது ‘பீவிர் முகம்மது’ ஆனார்! மாணவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சொல் முடியுமிடத்தில் நிற்கும் ‘பீ’யை மட்டும் பிடிப்பது எப்படி என்று அன்றிரவு கற்றேன்.

சிரிக்க முடியாத பிழை

பெயர் எழுத்துகளையெல்லாம் ஒழுங்குபடுத்தினேன். மைதீன், மொய்தீன், முகைதீன் யாவும் ஒரே வடிவாயின. பிறகு, ‘பெயர், கணவர் பெயர், தெரு மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒன்றை நீக்கிவிடு’ என்று எழுதினேன். மறுநொடி பட்டியல் சுருங்கியது. எத்தனை இரட்டைப் பதிவுகள் என்று மகிழ்ந்து அச்சடித்துக் கொடுத்துவிட்டேன்.

உதவி வழங்கி மூன்று நாள் கழிந்தது. மக்ரிபுக்குப் பின் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். பட்டாசு ஆலையிலிருந்து நேரே வந்திருந்தார்; விரல்களில் வெள்ளிநிற மருந்துப் பொடி இன்னும் போகவில்லை. “ஹஜ்ரத், இந்த வருஷம் லிஸ்ட்டுல எங்க பேரு இல்லைன்னுட்டாங்க. நாங்க ஏதும் குத்தம் செஞ்சிட்டோமா?” என்றார்.

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரே தெருவில், ஒரே பெயரில் இரண்டு பெண்கள். ஒருவர் கணவர் மைதீன். மற்றவர் கணவர் மொய்தீன். அந்த எழுத்து வேற்றுமைதான் அவர்களைப் பிரித்துக் காட்டியது. நான் ஒழுங்கு என்று எண்ணி அதை அழித்திருக்கிறேன். நோட்டின் ஓரத்தில் எனக்கு முன்பிருந்தவர் பென்சிலால் ‘பம்புசெட்டு வீடு’ என்று குறித்திருந்தார். தேவையற்றது என்று நான் தட்டச்சில் சேர்க்காமல் விட்ட குறிப்பு அது!

அவருக்குரியதை அன்றிரவே கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆயினும் “குத்தம் செஞ்சிட்டோமா” என்று கேட்டாரே, அதற்கு என்ன பரிகாரம்? குற்றம் செய்தவன் நானல்லவா?

பெயர்ப் பட்டியலின் கனம் எங்கள் பகுதி மக்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய நாளில் ஒரு பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதிலேயே ஒரு குடும்பத்தின் உயிர் இருக்கிறது. அதன் பின்னரும் குடும்ப அட்டையில் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்து என்றிருந்தால், உதவித்தொகை வாங்க அலைய வேண்டியதாகிறது.

நீங்கள் தொடங்கும்போது

வாசகர்களே, இதைப் படித்துவிட்டு அஞ்சி ஒதுங்கிவிடாதீர்கள். உங்கள் ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியல், மதரஸா மாணவர் பதிவேடு, உங்கள் கடைக் கணக்கு ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். வீட்டில் படித்த பெண்மக்கள் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். ஆனால் நான் பட்டுத் தெரிந்துகொண்ட நான்கை மறவாதீர்கள்.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள். பத்து வரியில் சோதித்துப் பார்த்த பிறகே முழுவதற்கும் ஏவுங்கள். பெயரை ஒழுங்குபடுத்தினாலும், அவரவர் எழுதிய வடிவத்தைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘நீக்கு’ என்று இயந்திரத்துக்குச் சொல்லாதீர்கள். ‘குறித்துக் காட்டு’ என்று சொல்லுங்கள். நீக்குவதா வேண்டாமா என்பதைத் தெருவை அறிந்த மனிதர் முடிவு செய்யட்டும்.

இப்போது எங்கள் நிரல், இரட்டையோ என ஐயப்படும் பெயர்களை ஒரு தனித் தாளில் எடுத்துக் கொடுக்கிறது. அத்தாளோடு இரண்டு பேர் வீடு வீடாகப் போய்க் கேட்டு வருகிறார்கள். பல இரவு வேலை ஒரு மாலைப் பொழுதாகக் குறைந்திருக்கிறது. பட்டியலில் புதிதாக ஒரு பத்தியும் சேர்ந்துள்ளது. அதன் தலைப்பு ‘அடையாளம்’. அதில் முதலில் ஏறிய சொல், பம்புசெட்டு வீடு.