தாத்தாவுக்கு ஒரு காலிங்பெல்



நம் ஒர்க்ஷாப் மூலையில் துணி போர்த்திக்கொண்டு ஒரு 486 கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதைத் 'தாத்தா' என்று கேலி செய்யாதவர் உண்டா? ஆனால் சி.என்.சி. லேத்துக்கு சீரியல் கேபிள் வழியாகப் புரோகிராம் ஊட்டுவது அந்தத் தாத்தாதான். போன செமஸ்டரில் அதன் ஹார்டு டிஸ்க் 'கரகர' என்று முனக ஆரம்பித்தது. சீனியர்கள் எழுதிய புரோகிராம் எல்லாம் அதற்குள்ளே. வேறு நகல் கிடையாது. ஃப்ளாப்பிகளோ பூஞ்சை பிடித்து, பத்தில் ஒன்றுதான் தேறியது. மிச்சம் ஒரே வழி, நெட்வொர்க் கார்டு.

ஸ்டோரில் தேடி ஒரு என்.ஈ.2000 வகைக் கார்டைப் பிடித்தோம். நோவெல் நிறுவனம் 1980களின் இறுதியில் கொண்டுவந்த மாடல் இது. பல கம்பெனிகள் இதையே காப்பி அடித்தன. செருகிவிட்டு ஆன் செய்தால், டாஸ் கண்டுகொள்ளவே இல்லை! விண்டோஸ் மாதிரி அது தானாகத் தேடிப் பிடிக்காது. நாம்தான் அறிமுகம் செய்து வைக்க வேண்டும்.

கார்டுக்கு இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று ஐ.ஓ. அட்ரஸ், அது வீட்டு முகவரி. இன்னொன்று ஐ.ஆர்.க்யூ.; அது காலிங்பெல். தகவல் வந்ததும் கார்டு பெல் அடிக்கும், பிராசஸர் ஓடிவந்து வாங்கிக்கொள்ளும். பழைய கார்டுகளில் இவற்றை ஜம்பர் மாற்றி வைக்க வேண்டும்.

அடுத்தது பாக்கெட் டிரைவர். டிரைவரின் பெயரை அடித்து, பக்கத்தில் மூன்று எண் தர வேண்டும்: 0x60, ஐ.ஆர்.க்யூ., 0x300. அந்த 0x60, மற்ற புரோகிராம்கள் டிரைவரைக் கூப்பிடும் எண். முன்னால் 0x போட்டால்தான் ஹெக்ஸாடெசிமல், இல்லாவிட்டால் சாதாரண டெசிமல், ஜாக்கிரதை! ஐ.ஆர்.க்யூ. பத்து என்றால் 10 என்றும் போடலாம், 0xA என்றும் போடலாம்.

அதற்கு மேலே டி.சி.பி./ஐ.பி. பேச மைக்கேல் புருட்மன் எழுதிய எம்.டி.சி.பி. என்ற இலவசத் தொகுப்பு. டிரைவரும் இதுவும் சேர்ந்து ஒரே ஃப்ளாப்பியில் அடங்கிவிடும்.

ஓட்டினோம். டிரைவர் கார்டின் ஈதர்நெட் முகவரியை அழகாகக் காட்டியது. ஆஹா என்றோம். ஆனால் டி.ஹெச்.சி.பி. கொடுத்தால் பதிலே இல்லை! கேபிளை மாற்றினோம், ஸ்விட்சை மாற்றினோம், ம்ஹூம்.

அப்புறம்தான் உறைத்தது. முகவரியைப் படிக்க ஐ.ஓ. அட்ரஸ் சரியாக இருந்தாலே போதும், பெல் தேவையில்லை. அப்படியானால் வீடு சரி, பெல்தான் தப்பு! கார்டு இருந்தது ஐ.ஆர்.க்யூ. 3-இல். காம் 2 போர்ட்டுக்கும் அதே 3. அந்த காம் 2-இல்தான் நம் லேத் கேபிள்! இரண்டு வீட்டுக்கு ஒரே பெல் என்றால் யார் கதவைத் திறப்பது?

ஜம்பரை 5-க்கு மாற்றி, டிரைவருக்கும் 5 என்று சொன்னோம். அடுத்த நிமிஷம் ஐ.பி. முகவரி வந்தது. எஃப்.டி.பி. வழியாக அத்தனை கோப்பும் லேப் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி எட்டரை. பத்து நாளில் அந்த ஹார்டு டிஸ்க் நிரந்தரமாகக் கண்ணை மூடியது.

வேறு டிஸ்க் போட்டு, தாத்தா இன்றும் லேத்துக்குச் சோறு ஊட்டுகிறார். கேபினட்டுக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: '0x60, 5, 0x300'. ஜூனியர்களே, அதைக் கிழித்துவிடாதீர்கள்!